மாயாவிக்கும் மரப்பாச்சிக்கும் நடுவே

அளத்தடி அலமாரி – 17

மரக்காணத்தில் புத்தகத்துக்கு முதல் எதிரி கறையான் அல்ல, காற்று. அளத்துப் பக்கமிருந்து வருகிற ஈரக்காற்றில் காகிதம் நமத்த அப்பளம்போலத் தொய்ந்து கிடக்கும். தைத்த புத்தகமானால் தாக்குப் பிடிக்கும். பின் அடித்த புத்தகத்துக்கு ஆயுசு கம்மி. நடுப்பக்கத்தைப் பிரித்தால் பின் இருந்த இடத்தில் காவி நிறத்தில் இரண்டு பொட்டு இருக்கும், தாள் கையோடு வந்துவிடும். என்னிடமிருந்த பழைய முத்து காமிக்ஸ் ஒன்றை அப்படிப் பிரித்துப் பார்த்த பையன், "அக்கா, மாயாவியோட கையே துருப்புடிச்சிப் போச்சி" என்றான்.

சென்ற வாரம் சின்னப் பிள்ளைகளின் படப் புத்தகங்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஓர் அம்மா கேட்டிருந்தார்: பதினைந்து வயது மகளுக்கு என்ன வாங்கிக் கொடுப்பது? குழந்தைக் கதை என்றால் தூக்கிப் போடுகிறாள், பெரியவர்கள் நாவலைக் கொடுக்க எனக்குப் பயமாக இருக்கிறது. நியாயமான கேள்வி. என் அலமாரியே அந்தக் கேள்வியின் வடிவத்தில்தான் நிற்கிறது. மூன்று தட்டு. கீழ்த்தட்டில் சிறுவர் கதைகள், மேல்தட்டில் நாவல்கள். நடுத்தட்டில் பாதி இடம் காலி. அங்கே தையல் டப்பாவும் கரண்ட் பில்லும் இருக்கின்றன.

கீழ்த்தட்டுக்கு இப்போது நல்ல காலம். 2023இல் பள்ளிக் கல்வித்துறை வாசிப்பு இயக்கம் என்று தொடங்கி, அரசுப் பள்ளிகளுக்குச் சின்னச் சின்னப் புத்தகங்களாக அனுப்பியது. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படி. பெயர் வைத்தவர் யாரோ, நன்றாகவே வைத்திருக்கிறார். எழுத்துக்கூட்டிப் படித்த பிள்ளைகள் அந்தப் புத்தகங்களைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றதை என் திண்ணையில் பார்த்திருக்கிறேன். பறக்கச் சொல்லியாயிற்று. பறந்த பிள்ளை எங்கே போய் இறங்கும் என்பதுதான் என் கவலை.

எங்கள் தலைமுறை இறங்கிய இடம் காமிக்ஸ். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக 'இரும்புக்கை மாயாவி' வந்தது. 1984இல் லயன் காமிக்ஸ் தொடங்கியது, அதே ஆண்டில் ராணி காமிக்ஸும் வந்தது. மாயாவி பிரிட்டிஷ் சரக்கு, டெக்ஸ் வில்லர் இத்தாலிச் சரக்கு, லக்கி லூக் பெல்ஜியத்துச் சரக்கு என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. பனைமரத்தடியில் உட்கார்ந்து அரிசோனா பாலைவனத்தைப் பார்த்தோம். மே மாத அளத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த வெள்ளை வெயில் ஒன்றும் அந்நியமாகத் தெரியவில்லை.

லயன்-முத்து இன்றைக்கும் வருகிறது. தாள் நன்றாக இருக்கிறது, வண்ணம் நன்றாக இருக்கிறது, கிராபிக் நாவல் என்றே தனி வரிசைகூடக் கொண்டுவந்தார்கள். ஆனால் என்னிடம் அவற்றை எடுத்துப் போகிறவர்கள் பிள்ளைகள் அல்ல, பிள்ளைகளின் அப்பாக்கள். ஐம்பது வயதுக்காரர், இரவல் நோட்டில் மகன் பெயரை எழுதிவிட்டு டெக்ஸை மடித்து லுங்கிக்குள் செருகிக்கொண்டு போகிறார். மகன் கேட்டால் "குதிர, துப்பாக்கி, குதிர, துப்பாக்கி... எவ்ளோதாங்கா பாக்கறது" என்கிறான். எனக்கு வருத்தம்தான், ஆனால் அவன் சொல்வதில் தப்பில்லை. டெக்ஸ் வில்லரை அம்மா திட்டுவதில்லை, பத்தாம் வகுப்புப் பரீட்சை துரத்துவதில்லை, கூடப் படிக்கிற பெண் பேசாமல் போனால் சோறு இறங்காமல் கிடப்பதில்லை.

இதற்கு எதிர்க்கரையில் மரப்பாச்சி. யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', பால சாகித்ய புரஸ்கார் பெற்ற புத்தகம். பேசுகிற ஒரு மரப்பொம்மை, தப்பாகத் தொடுகிற பெரியவர்களைப் பற்றி வாய்திறந்து சொல்லச் சிறுமிக்குத் துணை நிற்கிறது. தமிழில் இதை யாராவது எழுதியாக வேண்டியிருந்தது, அவர் எழுதினார். உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' கீழடிக்குப் போகும் பையனைப் பழந்தமிழ் ஊருக்குள் கூட்டிப்போகிறது, இளையோர் நாவல் என்ற அடைமொழியோடு. 2023இல் அதற்கும் புரஸ்கார் கிடைத்தது. 2025இல் விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா'வுக்கு. பத்து, பதினோரு வயதுக்கு மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பேன்.

பதினைந்துக்குக் கொடுக்க மாட்டேன். கொடுத்துப் பார்த்துத்தான் சொல்கிறேன். இந்த வரிசையில் வருகிற பல கதைகளில் யாராவது ஒரு நல்ல பெரியவர் காத்துக்கொண்டிருக்கிறார். மாமாவோ, டீச்சரோ, தாத்தாவோ, அவர்கள் யாரும் கிடைக்காவிட்டால் பொம்மையோ. பிள்ளைக்குச் சிக்கல் வந்த நாலாவது பக்கத்தில் அவர் வந்து விளக்கிவிடுகிறார். பதினோரு வயதுக்கு அது ஆறுதல். பதினைந்து வயதுக்கு அது வகுப்பறை. "அக்கா, இது டீச்சருங்களுக்கு எழுதுன புக்கு" என்று ஒரு பெண் திருப்பிக் கொடுத்தாள். விருதுக்குழு சொல்லாததை அவள் சொன்னாள்.

சரவணனின் 'கயிறு' மட்டும் விதிவிலக்கு. பையன்களின் மணிக்கட்டில் கட்டுகிற வண்ணக் கயிறுதான் கதை; கையடக்கமான சின்னப் புத்தகம். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பள்ளி மாணவன் கூடப் படித்தவர்களாலேயே வெட்டப்பட்ட பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் பள்ளிகளில் சாதிக் கயிறுகளைத் தடுக்கச் சொன்னது. கதை அறிக்கைக்கு முன்பே வந்துவிட்டது. இங்கே ஒரு ஒன்பதாம் வகுப்புப் பையன் அதை என் திண்ணையிலேயே உட்கார்ந்து படித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் சட்டைக் கையை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இறக்கிவிட்டுக்கொண்டு போனான். கயிற்றை அவிழ்த்தானா என்று நான் கேட்கவில்லை.

இன்னொன்று, கடலூர் ஆசிரியர் இரா. நடராசன் 1990களில் எழுதிய 'ஆயிஷா'. கேள்வி கேட்டு அடி வாங்குகிற பெண், அடி வலிக்காமலிருக்க வழி தேடி உயிரை விடுகிறாள். காப்பாற்ற எவரும் வரவில்லை. கதையைச் சொல்கிற ஆசிரியையே குற்ற உணர்ச்சியோடு சொல்கிறார். இத்தனை வருஷம் கழித்தும் என் அலமாரியில் அட்டை மூன்று முறை மாற்றிய புத்தகம் அதுதான். பிள்ளைகளுக்குச் சோகம் தாங்காது என்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்களோ.

ஆங்கிலத்தில் நம் கதைகளே வேறு மாதிரி வருகின்றன. பத்மா வெங்கட்ராமனின் 'தி பிரிட்ஜ் ஹோம்' (2019) சென்னையில் ஒரு பாலத்தில் தங்கிக் குப்பை பொறுக்கிப் பிழைக்கும் நான்கு பிள்ளைகளின் கதை. விஜி, ருக்கு என்று அக்கா தங்கை, அருள், முத்து என்று இரண்டு பையன்கள். அங்கங்கே அமெரிக்க வாசகருக்காக நம் விஷயங்களை விளக்குவது எனக்கு இடித்தது. ஆனால் ருக்குவுக்கு நேர்வதை மென்று விழுங்காமல் சொல்கிறது. அதை ஒரு மழைக்காலத்தில் பிள்ளைகளுக்குத் தமிழில் வாயாலேயே சொன்னேன், ஏழு மாலை ஆயிற்று. அளம் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கிற ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் ஊரில் கதை கேட்க ஆள் கிடைக்கும்.

இனி படமும் எழுத்துமான புத்தகங்கள். நடுத்தட்டில் தையல் டப்பாவுக்குப் பக்கத்தில் இருப்பவை இவைதான்.

முதலில் 'பீமாயணம்'. நவயானா 2011இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தது, தமிழில் காலச்சுவடு. அம்பேத்கரின் வாழ்க்கை, வரைந்தவர்கள் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற கோண்டு ஓவியர்கள். கட்டம் கட்டி மனிதர்களை அடைப்பது அவர்களுக்குப் பிடிக்கவில்லை, அதனால் இதில் காமிக்ஸ் கட்டமே கிடையாது. கோலக் கம்பிபோல் வளைந்து ஓடுகிற கோடுகள்தாம் பக்கத்தைப் பிரிக்கின்றன. ரயில் பாம்பாக வளைகிறது. 1901இல் அப்பாவைப் பார்க்கப் புறப்பட்ட சிறுவன் பீமுக்கு வழியெல்லாம் தண்ணீர் மறுக்கப்படுகிற பகுதியை, சுற்றிலும் தண்ணீர் இருந்தும் குடிதண்ணீர்க் குடத்தோடு நடக்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

அதில் பேச்சு வரும் குமிழிகளைக் கவனியுங்கள். கனிவாகப் பேசுகிறவர்களின் சொல் பறவை வடிவத்துக்குள் இருக்கும். கொட்டுகிற சொல்லுக்குத் தேள் வால். இதை ஒரு எட்டாம் வகுப்புப் பையன்தான் எனக்குக் கண்டுபிடித்துச் சொன்னான். நான் இரண்டு முறை படித்தும் அலங்காரம் என்று விட்டிருந்தேன். மறுநாள் ஒரு நோட்டோடு வந்தான். அவன் வீட்டிலும் பள்ளியிலும் அன்றைக்குக் கேட்ட பேச்சையெல்லாம் எழுதி, ஒவ்வொன்றையும் சுற்றிக் குமிழி போட்டிருந்தான். அம்மாவின் பேச்சுக்குப் பாதி பறவை, பாதி தேள். ஒரு வாத்தியாருக்குப் பக்கம் முழுக்கத் தேள். "உனக்கு எதுடா?" என்றேன். யோசித்துவிட்டு, "நான் வூட்ல பேசறதே இல்லக்கா" என்றான்.

கிராபிக் நாவல் என்றால் படிக்க வராத பிள்ளைகளுக்கான குறுக்குவழி என்று நினைக்கிற பெற்றோர் அந்த நோட்டைப் பார்த்திருக்க வேண்டும். அவன் எழுத்தையும் படித்தான், எழுத்தைச் சுற்றிய கோட்டையும் படித்தான். எனக்கு ஒன்றுதான் வந்தது.

அடுத்து மர்ஜானே சத்ரபியின் 'ஈரான்: ஒரு குழந்தைப் பருவத்தின் கதை', விடியல் பதிப்பகம். மூலத்தில் 'பெர்செபோலிஸ்'. கறுப்பு வெள்ளை மட்டும், சாம்பல் நிறம்கூடக் கிடையாது. 1979 புரட்சிக்குப் பின் தலையில் துணி ஏறுகிறது, பிறகு போர், பதினான்கு வயதில் அவளை வியன்னாவுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஒரு ஜாக்கெட்டுக்காகவும் ஷூவுக்காகவும் தெருவில் பெண்கள் அவளை மடக்கி அதட்டுகிற பக்கத்தில்தான் எங்கள் பெண்கள் எல்லோரும் நிற்கிறார்கள். துப்பட்டா ஊசியைப் பற்றிப் பேச்சு போகிறது. இந்தப் புத்தகத்தை 2013இல் சிகாகோ நகரப் பள்ளிகள் வகுப்பிலிருந்து எடுக்கச் சொன்னதும் பிள்ளைகள் கொதித்ததும் நடந்தது. 2022இல் டென்னசியின் ஒரு கல்வி வட்டாரம் 'மௌஸ்' நூலைப் பாடத்திலிருந்து நீக்கியது. வதைமுகாம் கதையில் கெட்ட வார்த்தையும் ஆடையற்ற ஒரு படமும் இருக்கின்றனவாம். பயம் எல்லா ஊரிலும் ஒரே அளவுதான். எனக்குக் கடிதம் எழுதிய அம்மா தனியாக இல்லை.

'வன்னி'யை (2019) மட்டும் பார்த்துக் கொடுக்கிறேன். பெஞ்சமின் டிக்ஸ் எழுத, லிண்ட்சி பொல்லாக் வரைந்தது. சுனாமியில் தொடங்கி 2009 வரை ஒரு கடலோரக் குடும்பம் ஓடுகிற ஓட்டம். என்னிடம் இருப்பது ஆங்கிலப் பிரதி. இப்போது படிக்கிற பிள்ளைகள் சுனாமிக்குப் பிறகு பிறந்தவர்கள், அவர்களுக்கு அது ஆயா சொல்கிற கதை. அலை எழுகிற பக்கத்தை ஒரு பெண் தன் ஆயாவிடம் காட்டியிருக்கிறாள். ஆயா புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாராம். அதற்குப் பிறகு வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டே கொடுக்கிறேன்.

சரி, அந்த அம்மாவுக்கு என் பதில். மேல்தட்டைத் திறந்துவிடுங்கள். இளையோர் நாவல் என்று அட்டையில் போடாத இளையோர் நாவல்கள் அங்கே இருக்கின்றன. அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு'. ஆடு மேய்க்கும் பண்ணையாள் சிறுவனைப் பற்றிப் பெருமாள்முருகன் எழுதிய 'கூள மாதாரி'. பிறகு, எங்கள் ஊருக்கென்றே சொல்கிறேன், ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்'. தூத்துக்குடி அளங்களுக்கு நேரில் போய் அலைந்து அவர் எழுதிய நாவல். பொன்னாச்சி என்ற இளம்பெண் தம்பியோடு உப்பளத்து வேலைக்கு வந்து சேர்கிறாள்.

நெய்தல் நெய்தல் என்று பேசுகிறோம், உப்புக்காரர் வீட்டுப் பிள்ளைகளை எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள்? எனக்குச் சட்டென்று நினைவுக்கு வருவது சிறுபாணாற்றுப்படை. கொற்கைப் பக்கம் உமணர் வண்டியோடு வந்த குரங்கு, முத்தைக் கிளிஞ்சலுக்குள் போட்டுக் கிலுகிலுப்பையாக்கி உமணப் பிள்ளைகளோடு விளையாடும். எயிற்பட்டினம் என்று எங்கள் ஊரைச் சொல்வதாக அறிஞர் பலர் கருதுவதும் அதே பாட்டில்தான். அந்தக் குரங்குக்குப் பிறகு நீண்ட மௌனம், அப்புறம் ராஜம் கிருஷ்ணன்.

'கரிப்பு மணிகளை' இங்கே முதலில் எடுத்துப் போனவள் பதினோராம் வகுப்புப் பெண். அம்மா உப்பு வாருகிறவர். தூத்துக்குடிச் சொற்கள் சில இந்தப் பக்கம் புழங்காதவை, எனவே ஒவ்வொரு மாலையும் அம்மாவிடம் கேட்டுக் கேட்டுப் படித்திருக்கிறாள். பதினைந்து நாள் கழித்து வந்தாள். "எப்பிடிம்மா இருந்துச்சி?" என்றேன். "எங்கம்மா கத கேக்கலக்கா. அந்தப் பொண்ணுக்கு இன்னா கூலின்னுதான் கேட்டாங்க" என்றாள். புத்தகத்துக்குள் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. கதையில் வருகிற கூலியை ஒரு பக்கமும், அம்மா சின்ன வயதில் வாங்கிய கூலி, இப்போது வாங்குகிற கூலி இரண்டையும் மறுபக்கமும் எழுதியிருந்தாள்.

அந்தப் பிரதி இப்போது இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியபோது, அளமும் தெருவும் ஒன்றாகி வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. கீழ்த்தட்டை அவசரமாகக் காலி செய்து மேலே அடுக்கினேன். திருப்பி வந்த புத்தகங்களைத் தரையில் ஒரு கூடையில் போட்டு வைத்திருந்ததை மறந்துவிட்டேன். வீட்டில் 'கரிப்பு மணிகள்' இரண்டு பிரதி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கொடுத்து உதவினால், கேட்டுக் காத்திருக்கிற மூன்று பேருக்கு ஆகும். பின் அடித்ததாக இல்லாமல் தைத்த பதிப்பாக இருந்தால் நல்லது.