கேபரே மேடையில் என் அப்பா!

"கேபரே கத்துக்கப் போறேன்" என்று ஊருக்கு போனில் சொன்னதும் அக்கா பதறிவிட்டாள். "டேய், இந்த வயசுல உனக்கு எதுக்குடா அந்த ஆட்டமெல்லாம்?"

அவள் மேல் தப்பில்லை. அந்தச் சொல்லுக்கு நம் சினிமா கொடுத்த அர்த்தம் ஜோதிலட்சுமியும் ஜெயமாலினியும் ஆடிய கிளப் டான்ஸ்தான். ஜெர்மனியில் 'கபரெட்' என்றால் வேறு. ஒரு சின்ன மேடை, ஒரு மைக், ஊரையும் அரசாங்கத்தையும் கிண்டலடிக்க ஒரு ஆள். நம்ம ஊர் பட்டிமன்றப் பேச்சாளரையும் தெருக்கூத்துக் கட்டியங்காரனையும் ஒன்றாகப் பிசைந்தால் கிட்டத்தட்ட அதுதான். பெர்லினில் இது 1901-ல் தொடங்கியது. நான் இருக்கும் வுப்பர்டாலில், ஆற்றுக்கு மேலே தொங்கியபடி போகும் ரயில் ஓட ஆரம்பித்ததும் அதே ஆண்டுதான்.

மாலை நேர வகுப்பில் சேர்ந்தேன். முதல் நாளே ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். தெரிந்த வித்தையை எடுத்துவிட்டேன்: என் கருப்பு நிறம், என் ஓட்டை ஜெர்மன், என் வீட்டு மசாலா வாசனை. கருப்பு, குண்டு, வழுக்கை என்று யாரையாவது அடித்தால் சிரிப்பு வரும், ஆள் கிடைக்காவிட்டால் நம்மையே அடித்துக்கொள்ளலாம் என்பதுதானே நம் சினிமா காமெடி சொல்லிக்கொடுத்த பாடம்?

சிலர் மரியாதைக்குச் சிரித்தார்கள். சிலர் தரையைப் பார்த்தார்கள். ஆசிரியை கேட்டார்: "உங்களைப் பிடிக்காதவர்தான் இதற்கு முதலில் சிரிப்பார். அவருக்காகவா எழுதினீர்கள்?"

பிறகு இரண்டு பேரைப் பற்றிச் சொன்னார். ஒருவர் வேர்னர் ஃபின்க். ஹிட்லர் காலத்தில் பெர்லினில் மேடை நடத்தியவர். உளவுப் போலீஸ் கூட்டத்தில் உட்கார்ந்து குறிப்பெடுக்கும். "நான் பேசுற வேகத்துக்கு நீங்க கூட வர முடியுதா, இல்ல நான்தான் உங்க கூட வரணுமா?" என்ற அர்த்தத்தில் அவர்களிடமே கேட்பாராம். 1935-ல் மேடையை மூடி, அவரை வதைமுகாமுக்கு அனுப்பினார்கள்.

இன்னொருவர் லோரியோ. வுப்பர்டால் என்றாலே ஜெர்மன்காரர்கள் புன்னகைக்க அவருடைய டிவி நாடகம் ஒரு காரணம். லாட்டரியில் 5 லட்சம் மார்க் வென்ற ஒரு பெரியவர் கேமரா முன் பேசுகிறார். ஐஸ்லாந்து போவேன், மகளோடு போய்ப் போப்பைப் பார்ப்பேன், வுப்பர்டாலில் ஆண்கள் துணிக்கடை வைப்பேன் என்பதுதான் அவர் சொல்ல வேண்டியது. படக்குழு குறுக்கிட்டுக் குறுக்கிட்டுக் குழப்பியதில், கடைசியில் போப்பே அவர் மகளோடு வுப்பர்டாலில் துணிக்கடை திறக்கிறார்! அந்தப் பெரியவர் சிரிக்க வைக்க முயலவே இல்லை. சரியாகச் சொல்லத்தான் பாடுபடுகிறார். அடி விழுவது படக்குழுவுக்கு.

அன்றிரவு என் தபால்பெட்டியைத் திறந்தபோது எனக்கான விஷயம் கிடைத்தது.

நமக்குக் குடும்பப் பெயர் ஏது? இனிஷியல்தான். ஜெர்மன் படிவத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட முடியாது. அப்பா பெயர் அங்கே போய் உட்கார்ந்தது. அன்றிலிருந்து இங்கே நான்தான் அப்பா. பல் டாக்டர் அப்பாவைக் கூப்பிட்டு என் வாயைத் திறக்கச் சொல்கிறார். மதுரையைத் தாண்டாத மனுஷனுக்கு வுப்பர்டாலில் கரண்ட் பில் வருகிறது. மாமனார் பெயரை வாயால் சொல்லவே கூசும் என் மனைவி, போனை எடுத்தால் அதைத்தான் தன் பெயராகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதை அடுத்த வாரம், சிரிக்காமல், புகார் மனு படிப்பதுபோலச் சொன்னேன். அரங்கு சிரித்தது. கடைசியில், "அப்பா இறந்து நாலு வருஷம் ஆச்சு. ஊரில் அவர் பெயரைச் சொல்ல ஆட்கள் குறைந்துவிட்டார்கள். இங்கே தினமும் யாரோ ஒருவர் மரியாதையாகக் கூப்பிடுகிறார். நான் எழுந்து நிற்கிறேன்" என்றேன். சத்தமே இல்லை. பிறகுதான் கைத்தட்டல்.

இது நமக்குப் புதிய வித்தையல்ல. 'கிந்தனார்' காலட்சேபத்தில் என்.எஸ்.கே. தீண்டாமையை அடித்தார். 'முகமது பின் துக்ளக்' நாடகத்தில் சோ அரசியல்வாதிகளை அடித்தார். நடுவில் நாம்தான் கையை மேலே ஓங்க மறந்து, பக்கத்தில் இருப்பவன் உடம்பை அடிக்கப் பழகிவிட்டோம்.

வீடியோவை அக்காவுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது. "அப்பா பேரை அவங்க சரியா உச்சரிக்கிறாங்களாடா?"

"இல்லக்கா."

"சொல்லிக் குடு."