ஜிம்னிக்குப் பெரிய டயர்: கெத்து சரி, கொண்டை ஊசி வளைவில் என்ன ஆகும்?

மாருதி ஜிம்னியை ஷோரூமிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து, போட்ட மாலை வாடுவதற்குள் ஒரு பேச்சு கிளம்பிவிடும். "வண்டி சூப்பர்தான். ஆனா டயர் மட்டும் சைக்கிள் டயர் மாதிரி ஒல்லியா இருக்கே!" சொல்பவர் வீட்டின் காலேஜ் பையனாக இருக்கலாம், பக்கத்து வீட்டு தார்க்காரராக இருக்கலாம். அன்று ராத்திரியே மொபைலில் ரீல்ஸ் தேட ஆரம்பித்துவிடுவார்கள். சேற்றை வாரி இறைத்துக்கொண்டு போகும் ஜிம்னிகளில் ஒன்றில்கூட கம்பெனி டயர் இருக்காது. அடுத்த வாரம் டயர் கடை வாசலில் நிற்பார்கள்.

தப்பில்லை. பெரிய டயருக்கு நியாயமான காரணங்கள் உண்டு. ஆனால், எவ்வளவு பெரியது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கடையில் பத்து நிமிடத்தில் எடுக்கும் இந்த முடிவு, மனைவி, குழந்தைகள், பெட்டி படுக்கையோடு மலையிலிருந்து இறங்கும்போது பிரேக் எப்படிப் பிடிக்கும் என்பது வரை போய் நிற்கும்.

முதலில் டயரின் பக்கவாட்டில் இருக்கும் எண்ணைப் படித்துவிடலாம். இந்தியாவில் 2023-ல் வந்த ஐந்து கதவு ஜிம்னியில் 195/80 ஆர்15 என்று இருக்கும். 195 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது பக்கச் சுவரின் உயரம். அகலத்தில் 80 சதவிகிதம், அதாவது 156 மி.மீ. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர், நடுவில் ரிம் எனக் கூட்டினால் மொத்த டயரின் உயரம் 693 மி.மீ. இந்த ஒரு கணக்கு தெரிந்தால் போதும், கடைக்காரர் சொல்லும் எந்த சைஸையும் மொபைல் கால்குலேட்டரிலேயே எடை போட்டுவிடலாம்.

ஜிம்னிக்காரர்கள் அதிகம் கேட்பது இரண்டு சைஸ்கள். ஒன்று 215/75 ஆர்15. உயரம் 703.5 மி.மீ. கம்பெனி டயரைவிட ஒன்றரை சதவிகிதம்தான் உயரம். இன்னொன்று 235/75 ஆர்15. உயரம் 733.5 மி.மீ. இது கிட்டத்தட்ட 6 சதவிகிதம் உயரம். ரீல்ஸில் உங்கள் மகன் காட்டியது பெரும்பாலும் இரண்டாவது சைஸாகத்தான் இருக்கும்.

பாதிதான் உங்களுக்கு!

"235 போட்டா வண்டி நாலு சென்டிமீட்டர் தூக்கிடும் தம்பி" என்று கடையில் சொன்னால் நம்பிவிடாதீர்கள். டயர் நாலு சென்டிமீட்டர் உயரமாவது உண்மை. ஆனால், ஆக்ஸில் இருப்பது டயரின் நடுவில். கூடின உயரத்தில் பாதி ஆக்ஸிலுக்கு மேலே போய்விடும். வண்டிக்கு அடியில் கிடைப்பது மீதிப் பாதி, சுமார் 20 மி.மீ. ஜிம்னியின் கிரவுண்ட் கிளியரன்ஸ் ஏற்கெனவே 210 மி.மீ. அது 230 ஆகும். 215/75 போட்டால் கிடைப்பது வெறும் 5 மி.மீ. கையில் இருக்கும் மொபைலின் தடிமன்கூட இல்லை.

ஆனால், அந்த 20 மி.மீ-க்கு ஒரு மரியாதை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். ஜிம்னியில் முன்னும் பின்னும் ஒரே தண்டாக ஓடும் ஆக்ஸில்கள். அவற்றில் குடம் மாதிரி தொங்கும் டிஃபரன்ஷியல்தான் கல்லில் முதலில் இடிக்கும் இடம். ஸ்பிரிங்கை மாற்றி லிஃப்ட் கிட் போட்டால் பாடி மேலே போகுமே தவிர, ஆக்ஸில் இருந்த இடத்திலேயே இருக்கும். அந்தக் குடத்தைத் தரையிலிருந்து தூக்க ஒரே வழி பெரிய டயர்தான். அதனால், எஸ்டேட் பாதையில், பாறை கிடக்கும் வழியில் தினமும் போய் வருகிறவர் 235 கேட்டால் அதில் அர்த்தம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஈ.சி.ஆரில் டிபன் சாப்பிடப் போகிறவர் கேட்டால்..? அது ஆசை. ஆசைக்கும் விலை உண்டு என்று தெரிந்து கேட்டால் சரி.

என்ன விலை?

கியர் சைக்கிளை மேட்டில் மிதித்திருக்கிறீர்களா? முன்பக்கம் பெரிய பல்சக்கரத்தில் செயின் இருந்தால் தொடை வலிக்கும். பெரிய டயர் வண்டிக்குச் செய்வதும் அதேதான். எல்லா கியரும் கொஞ்சம் நீண்டுவிடும். ஜிம்னியின் 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் தருவது 134 நியூட்டன் மீட்டர் டார்க். டர்போ கிடையாது. ஐந்து பேர் இல்லாவிட்டாலும், நாலு பேரும் சாமான்களும் ஏறினாலே மேட்டில் கியரைக் குறைக்க வேண்டியிருக்கும். அதில் சக்கரத்துக்குப் போய்ச் சேரும் இழுவையில் ஐந்து சதவிகிதத்துக்கு மேல் குறைந்தால் எப்படி இருக்கும்? மூன்றாவது கியரில் ஏறிய இடத்தில் இரண்டாவது கேட்கும். கனமான ஆல்-டெர்ரைன் டயராக இருந்தால் ஒவ்வொரு சக்கரத்திலும் சில கிலோ எடையும் கூடும். எடை டயரின் வெளி விளிம்பில் சேர்வதால், வண்டியைக் கிளப்பவும் நிறுத்தவும் கூடுதல் பாடு.

ஏறுவதைவிட இறங்குவதுதான் எனக்குப் பயமான விஷயம். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வால்பாறையிலிருந்து ஆழியாறு நோக்கி இறங்கினால் 40. இங்கெல்லாம் பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கக் கூடாது, இரண்டாவது கியரில் போட்டு இன்ஜின் பிடிப்பில் இறங்க வேண்டும் என்று பழைய டிரைவர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். டயர் பெரிதானால் அந்த இன்ஜின் பிடிப்பும் அதே ஐந்து சதவிகிதம் தளரும். குறைந்ததை பிரேக் ஈடுகட்ட வேண்டும். பிரேக்கோ பழைய அதே டிஸ்க், அதே டிரம். டயர் உயரமானதால் அதே அளவு நிறுத்துவதற்கு முன்பைவிட அதிகம் உழைக்க வேண்டும். ஒரு வளைவில் இது தெரியாது. ஐம்பதாவது வளைவில், பிரேக் சூடேறி கருகல் வாடை வரும்போது தெரியும். 235 போட்டவர்கள் மலை இறங்கும்போது ஒரு கியர் குறைவாகவே இறங்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

ஸ்பீடோமீட்டரும் கொஞ்சம் ஏமாற்றும். அது சக்கரத்தின் சுற்றை வைத்துத்தான் வேகம் சொல்கிறது. 235/75 போட்ட பிறகு முள் 100-ல் நின்றால், பழைய டயரில் ஓடியதைவிட 6 கி.மீ. வேகமாக வண்டி போய்க்கொண்டிருக்கும். கம்பெனிகள் மீட்டரைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும்படிதான் வைப்பார்கள். அந்தப் பாதுகாப்பு இதில் கரைந்துவிடும். ஓடிய தூரமும் குறைவாகப் பதிவாகும். பழைய டயரில் 1,000 கி.மீ. காட்டிய தூரத்துக்கு 945 தான் காட்டும். 'பெரிய டயர் போட்டதிலிருந்து மைலேஜ் விழுந்துபோச்சு' என்று புலம்புகிறவர்கள் இந்தக் கணக்கைச் சேர்த்துப் பார்ப்பதில்லை. மைலேஜ் விழும்தான், ஆனால் மீட்டர் காட்டும் அளவுக்கு இல்லை.

ரிம்மை யாரும் கேட்பதில்லை

ஜிம்னியின் ரிம் அகலம் 5.5 அங்குலம். 215/75 டயர் இதில் உட்கார்ந்துகொள்ளும். 235/75 டயருக்கோ குறைந்தது 6 அங்குல ரிம் வேண்டும் என்பதுதான் டயர் தயாரிப்பாளர்களின் பொதுவான அளவு. ஒடுங்கிய ரிம்மில் அகல டயரை மாட்டினால் நடுப்பகுதி உப்பிக்கொண்டு நிற்கும். நடுப் பட்டன் சீக்கிரம் தேயும், வளைவில் டயர் நெளியும். 'மாட்டிடலாம் சார், நிறையப் பேர் ஓட்டுறாங்க' என்பார்கள். மாட்டலாம்தான். ஆனால், ஒழுங்காகச் செய்வதென்றால் ரிம்மும் மாற்ற வேண்டும். அப்போது செலவு எங்கே போகும் என்று பாருங்கள். கெத்துக்காக டயரை மட்கார்டுக்கு வெளியே தள்ளும் ரிம் வாங்கினால், வீல் பேரிங்குக்குச் சுமை கூடும், மழையில் கதவெல்லாம் சேறு அடிக்கும்.

செலவு என்றதும் இன்னொன்று. நாலு டயருக்கு விலை விசாரித்துவிட்டு வராதீர்கள், ஐந்துக்கு விசாரியுங்கள். ஜிம்னி பார்ட்-டைம் ஃபோர்வீல் டிரைவ். 4ஹெச் போட்டால் முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொண்டு சுற்றும். நடுவில் அதைச் சமாளிக்க டிஃபரன்ஷியல் கிடையாது. நாலும் ஒரே உயரமாக இருந்தால்தான் அது சரிவரும். காட்டுப் பாதையில் பஞ்சராகி, பின்னால் தொங்கும் பழைய ஒல்லி ஸ்டெப்னியை ஒரு பக்கம் மாட்டி, 4ஹெச்-சில் ஓட்டினால் கியர் பாகங்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். இ.எஸ்.பி-யும் ஒரு சக்கரம் மட்டும் வேறு வேகத்தில் சுற்றுவதைப் பார்த்துக் குழம்பலாம். ஸ்டெப்னியும் புது சைஸாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. அப்போது அந்தக் கூடுதல் எடை பின்கதவில் தொங்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கீலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, ஆர்.சி-யில் இருக்கும் விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கண்டிப்பாகச் சொன்னது. கம்பெனி அந்த மாடலுக்குக் கொடுக்காத டயர் சைஸுக்குப் போனால், ஆர்.டி.ஓ அதிகாரியும், விபத்துக்குப் பிறகு இன்ஷூரன்ஸ் சர்வேயரும் கேள்வி கேட்க நாமே இடம் கொடுக்கிறோம். இதில் 215-க்கும் விதிவிலக்கு கிடையாது. வாங்கும் முன்பே இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் சர்வீஸ் சென்டருக்கும் ஒரு மெயில் போட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையாக 'ஒண்ணும் ஆகாது சார்' என்றவர் கிளெய்ம் நேரத்தில் கூட வரமாட்டார்.

அப்படியென்றால் என்னதான் செய்வது?

ஜிம்னி வாங்கிய பெரும்பாலான குடும்பங்களுக்கு என் யோசனை இதுதான்: முதலில் வகையை மாற்றுங்கள், சைஸ் அப்புறம். கம்பெனி டயர் தார்ச்சாலைக்கானது. அதன் இடத்தில் ஆல்-டெர்ரைன் வகை டயர் போட்டாலே ஜல்லி, மண், லேசான சேறு எல்லாவற்றிலும் வண்டி வேறு மாதிரி நடந்துகொள்ளும். பட்டன் தடிமன், பக்கச் சுவர் உறுதி, கல் குத்தினாலும் தாங்கும். 195/80-ல் பிடித்தது கிடைத்தால் நல்லது. கிடைக்கவில்லை, அல்லது பார்வைக்குக் கொஞ்சம் எடுப்பாகவும் வேண்டும் என்றால், மேலே சொன்ன மெயிலுக்குச் சாதகமான பதில் வந்த பிறகு, 215/75-ல் நிறுத்திக்கொள்ளுங்கள். இழுவை, பிரேக், மீட்டர் எதிலும் பெரிய வித்தியாசம் தெரியாது. பெரிய பெரிய பட்டன்களோடு வரும் மட்-டெர்ரைன் டயர் மட்டும் வேண்டாம். சேற்றில் ராஜா, மழை நனைத்த ஹைவேயில் பிரேக் போட்டால் வழுக்கும். சத்தத்தில் பின்சீட்டுத் தாத்தா தூங்க முடியாது.

இன்னொன்று காசே இல்லாத வித்தை: காற்று. தேரிக்காட்டு மணலிலோ ஆற்று மணலிலோ திணறும் வண்டியில் டயர் காற்றை 18, 20 பி.எஸ்.ஐ-க்கு இறக்கிப் பாருங்கள். டயர் நீளவாக்கில் தட்டையாகி மணலை மிதிக்கும் பரப்பு கூடும். பெரிய டயர் தருவதைவிடக் கூடுதல் பிடிப்பு உடனே கிடைக்கும். நிதானமான வேகத்தில் மட்டும் ஓட்ட வேண்டும். தார்ச்சாலை வந்ததும் மறுபடி காற்றடிக்காமல் போகக் கூடாது. அதற்கு ஒரு குட்டி கம்ப்ரஸர் வண்டியிலேயே இருக்கட்டும்.

சாதாரண ஓட்டத்துக்கு டிரைவர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலிருந்து ஆரம்பியுங்கள். 'எல்.டி' என்று போட்ட லாரி ரக டயரை வாங்கித் தலையில் கட்டிக்கொள்ளாதீர்கள். அது கனமான பிக்கப்புகளுக்காகச் செய்தது. சுமார் 1,200 கிலோ ஜிம்னியில் கல் மாதிரி நிற்கும், சின்னக் குழியில்கூட முதுகைப் பதம் பார்க்கும்.

கடையில் பில் போடும் முன் டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நாலு இலக்க எண்ணைப் பாருங்கள். 2324 என்று இருந்தால் 2024-ன் 23-வது வாரத்தில் செய்தது. இரண்டு வருடம் குடோனில் தூங்கிய டயரைத் தள்ளுபடி என்ற பெயரில் நீட்டினால் வேண்டாமென்று வந்துவிடுங்கள். சைஸுக்குப் பக்கத்தில் சுமை எண் இருக்கும். 96 என்றால் ஒரு டயர் 710 கிலோ தாங்கும். உங்கள் பழைய டயரில் இருக்கும் எண்ணைவிடக் குறைந்ததை எந்தக் காரணத்துக்கும் வாங்கக் கூடாது.

மாட்டிய பிறகு, அலைன்மென்ட்டும் பேலன்ஸிங்கும் முடிந்ததும், கிளம்பிவிடாதீர்கள். கடை வாசலிலேயே ஸ்டீயரிங்கை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பி, உள்பக்கம் சஸ்பென்ஷன் கம்பியிலும் முன் பம்பரிலும் டயர் உரசுகிறதா என்று ஆள் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு முன்சக்கரத்தை மேடான இடத்தில் ஏற்றி நிறுத்தி மறுபடி திருப்பிப் பாருங்கள். சமதரையில் உரசாதது அப்போது உரசும். நாலு பேரை ஏற்றிக்கொண்டும் ஒரு சுற்றுப் போய் வாருங்கள். உரசினால் சிலர் ஸ்டீயரிங் திரும்புவதையே குறைத்து வைத்துவிடுவார்கள், அதற்குச் சம்மதிக்காதீர்கள். கொண்டை ஊசி வளைவில் ஒரே மடக்கில் திரும்பும் சின்ன வண்டி என்பதற்காகத்தானே ஜிம்னியை வாங்கினீர்கள்? நூறு கி.மீ. ஓடியதும் வீல் நட்டுகளை ஒருமுறை முடுக்கிவிட்டு, மட்கார்டு உள்பக்கம் பளபளவென்று புதிதாகத் தேய்ந்த இடம் ஏதாவது இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.