நிலம் காத்தார்க்கு விருந்து

அமெரிக்க நாட்டின் பல சிற்றூர்களில் ஆண்டுக்கு ஒருமுறை ஒருவகை விருந்து நடைபெறுகின்றது. அதற்கு வருவோர் பணம் கொடுத்துச் சீட்டு வாங்கிக்கொண்டு வருகின்றனர். விருந்தினிடையே சிலரைப் பெயர் சொல்லி அழைத்துப் பாராட்டுகின்றனர். அழைக்கப்படுவோர் அமைச்சரும் அல்லர். திரைப்பட நடிகரும் அல்லர். ஒருவர் மாட்டுப்பண்ணை வைத்திருப்பவராக இருப்பார். மற்றொருவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியையாக இருப்பார். வேறொருவர் நம்மைப் போன்ற கல்லூரி மாணவராகவும் இருக்கலாம். அவர்கள் எல்லாரும் செய்த பணி ஒன்றே. தங்கள் ஊரின் வயலையோ காட்டையோ ஆற்றங்கரையையோ கெடாமல் காத்தவர்கள் அவர்கள்.

விடுதியில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது நண்பர்கள் ஒரு கேள்வி கேட்டனர். "நிலத்தைக் காக்கப் பணம் வேண்டுமானால் நேரே உண்டியல் குலுக்க வேண்டியதுதானே! நடுவில் சோறு எதற்கு? பாராட்டு எதற்கு?" நியாயமான கேள்விதான். நான் சட்டம் பயில்பவன். ஆகவே அந்த வழியிலேயே சென்று விடை தேடினேன். கண்டதைத் தமிழ் நண்பர்களாகிய உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

நில அறக்கட்டளை பிறந்த கதை

இவ்விருந்துகளை நடத்துவன 'நில அறக்கட்டளை' எனப்படும் அமைப்புகள். அவை அரசாங்கத் துறைகள் அல்ல. வணிகக் கம்பெனிகளும் அல்ல. ஊர் மக்கள் கூடி, சட்டப்படி பதிவு செய்து நடத்தும் அறநிலையங்கள்.

இவற்றுக்கு வித்திட்டவர் சார்லஸ் எலியட் என்னும் இளைஞர். அவர் பாஸ்டன் நகரில் தொழில் நடத்தியவர். தோட்டங்களையும் பூங்காக்களையும் வகுத்தமைக்கும் கலைஞர். நகரம் நாற்புறமும் பெருகிச் சுற்றியிருந்த அழகிய இடங்களை விழுங்குவதைக் கண்டு வருந்தினார். நூல்நிலையம் பொதுமக்களுக்காக நூல்களைக் காக்கின்றது. கலைக்கூடம் ஓவியங்களைக் காக்கின்றது. அதேபோல நிலத்தைக் காக்கவும் ஒரு நிலையம் வேண்டாவா என்று 1890-இல் பத்திரிகையில் எழுதினார். மறு ஆண்டே, 1891-இல், மாசசூசெட்ஸ் மாநிலச் சட்டமன்றம் அத்தகைய அமைப்பு ஒன்றுக்குச் சட்டம் இயற்றித் தந்தது. எலியட் 1897-இல் தம் முப்பத்தேழாம் வயதில் மறைந்தார். அவர் தொடங்கிய அமைப்போ இன்றும் வாழ்கின்றது. இங்கிலாந்திலும் 1895-இல் இதே நோக்கத்துடன் 'நேஷனல் டிரஸ்ட்' தோன்றியது.

பிற்காலத்து எடுத்துக்காட்டு ஒன்றும் சொல்லவேண்டும். சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே, பொன்வாயிற் பாலத்தைக் கடந்தால் மரின் மாவட்டம் வரும். புல் படர்ந்த குன்றுகளும் பால்பண்ணைகளும் நிறைந்த பகுதி அது. 1960-களில் அங்கே பெருஞ்சாலை அமைத்துப் புதுக் குடியிருப்புகளை எழுப்பத் திட்டங்கள் தீட்டப்பட்டன. நிலத்தின் விலை ஏறும்போது பண்ணைக்காரருக்குப் பசுவைவிட மனையே இலாபம் என்று தோன்றுவது இயல்பு. அந்நிலையில் 1980-இல் இரு பெண்மணிகள் ஒன்று சேர்ந்தனர். ஒருவர் ஃபில்லிஸ் ஃபேபர், உயிரியல் அறிஞர். மற்றவர் எல்லன் ஸ்ட்ராஸ், பால்பண்ணை நடத்தியவர். இயற்கையைக் காக்க வேண்டும் என்பாரும் நிலத்தை நம்பிப் பிழைப்பாரும் பெரும்பாலும் எதிர் எதிரே நிற்பவர்கள். இங்கே இருவரும் ஒரே மேசையில் அமர்ந்தனர். அவர்கள் நிறுவியதே மரின் வேளாண் நில அறக்கட்டளை. உழவு நிலத்தைக் காப்பதற்கென்றே அமெரிக்காவில் தோன்றிய முதல் நில அறக்கட்டளை அது. இன்று 50,000 ஏக்கருக்கு மேற்பட்ட பண்ணை நிலம் அதன் காவலில் இருக்கின்றது.

அந்நாட்டு நில அறக்கட்டளைகள் எல்லாம் சேர்ந்து 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 6 கோடியே 10 லட்சம் ஏக்கர் நிலத்தைக் காத்திருக்கின்றன. நம் தமிழ்நாட்டின் பரப்பு ஏறத்தாழ 3 கோடியே 20 லட்சம் ஏக்கர். அதாவது, கிட்டத்தட்ட இரண்டு தமிழ்நாட்டு அளவு நிலம்!

விரும்பி ஏற்கும் வில்லங்கம்

இவ்வளவு நிலத்தையும் விலை கொடுத்து வாங்கினார்களா? இல்லை. இங்கேதான் சட்டத்தின் நுட்பம் இருக்கின்றது.

நம் ஊர்க் கிரயப் பத்திரங்களில் 'ஈஸ்மெண்ட் பாத்தியம்' என்ற சொல்லைக் கண்டிருப்பீர்கள். என் நிலத்தின் வழியே உங்கள் வண்டி செல்லலாம், உங்கள் வாய்க்கால் ஓடலாம் என்பது போன்ற உரிமை அது. நிலம் என்னுடையது; அதில் ஒரு சிறு பாத்தியம் உங்களுடையது. இந்த எண்ணத்தையே சற்று மாற்றிப் 'பாதுகாப்பு ஈஸ்மெண்ட்' என்று அமைத்தனர்.

ஒரு பண்ணைக்காரர் தம் நிலத்தை மனைகளாகப் பிரிக்கும் உரிமையையும், கல் உடைக்கும் உரிமையையும், கடைகள் கட்டும் உரிமையையும் துறந்து அறக்கட்டளைக்குப் பத்திரம் எழுதித் தருகின்றார். நிலம் அவருடையதே. உழலாம்; மாடு மேய்க்கலாம்; விற்கலாம்; பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லலாம். ஆனால் துறந்த உரிமை மீண்டும் வராது. வாங்குபவரையும் அது கட்டுப்படுத்தும். அவருக்குப் பின் வாங்குபவரையும் கட்டுப்படுத்தும். நிலம் வாங்குமுன் வில்லங்கம் உண்டா என்று பார்ப்பது நம் வழக்கம். இதுவோ நிலத்துக்கு உடையவரே விரும்பி ஏற்கும் வில்லங்கம்!

துறப்பதற்கும் ஒரு விலை உண்டு. கணக்குப் புரிவதற்காக மட்டும் ஓர் எடுத்துக்காட்டு: ஒரு பண்ணையின் சந்தை விலை 40 லட்சம் டாலர் என்று கொள்வோம். கட்டுப்பாடு ஏற்ற பின் அது 25 லட்சத்துக்குத்தான் விலைபோகும் என்றால், இடையிலுள்ள 15 லட்சமே ஈஸ்மெண்டின் மதிப்பு. மரின் போன்ற இடங்களில் அறக்கட்டளையே அத்தொகையைக் கொடுத்து வாங்குகின்றது. உடையவர் இலவசமாகத் தந்தால் வருமான வரியில் சலுகை பெறலாம். கட்டுப்பாடு என்றென்றைக்கும் உரியதாக இருந்தால்தான் அச்சலுகை கிடைக்கும். சில ஆண்டுகளுக்கு மட்டும் என்றால் இல்லை.

சலுகை இருக்குமிடத்தில் சூழ்ச்சியும் நுழைவது உலக இயல்பு. முதலீட்டாளர் சிலர் கூட்டாக நிலம் வாங்கி, மதிப்பைப் பன்மடங்கு ஏற்றிக் காட்டி, வரியைக் குறைத்துக்கொண்டனர். இதைத் தடுக்க 2022 டிசம்பரில் அமெரிக்கப் பாராளுமன்றம் சட்டம் இயற்றிற்று. போட்ட முதலின் இரண்டரை மடங்குக்கு மேல் இத்தகைய கூட்டுகள் சலுகை கேட்க இயலாதபடி அது செய்தது. பத்திரம் எழுதியவர் எல்லாரும் நிலத்தைக் காத்தவர் ஆகார் என்பதை இதிலிருந்து அறியலாம்.

நடந்து காப்பவர்

'என்றென்றைக்கும்' என்று எழுதுவது எளிது. எழுதியபின் அதை யார் காப்பது?

பத்திரம் எழுதிய தந்தைக்கு அதன் பொருள் தெரியும். மகனுக்கும் ஓரளவு தெரியும். அவனிடமிருந்து வாங்கும் நகரத்துச் செல்வருக்கு என்ன தெரியும்? வேலியைப் பத்தடி தள்ளிப் போடுவார். ஓடைக்கரை மரத்தை வெட்டி ஒரு கொட்டகை எழுப்புவார். ஒருவரும் கேட்காவிட்டால் மறு ஆண்டு கொட்டகை வீடாகும். பெட்டியிலுள்ள பத்திரம் எழுந்து வந்து தடுக்காது.

ஆகையால் ஈஸ்மெண்ட் எழுதும்போதே நிலத்தின் நிலையைப் படங்களோடும் வரைபடத்தோடும் ஓர் அறிக்கையாக எழுதி வைக்கின்றனர். அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒவ்வொரு நிலத்தையும் பார்வையிட வேண்டும் என்பது நில அறக்கட்டளைகள் தமக்குத் தாமே வகுத்துக்கொண்ட நெறி. இன்று விமானப் படமும் செயற்கைக்கோள் படமும் உதவுகின்றன. ஆயினும் ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது காலால் நடந்து பார்த்தே ஆக வேண்டும்.

இந்த நடையைப் பல இடங்களில் மேற்கொள்பவர்கள் ஊதியம் பெறாத தொண்டர்கள். 2015-ஆம் ஆண்டுக் கணக்கில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட தொண்டர்கள் இவ்வமைப்புகளில் பணிபுரிந்தனர். கையில் வரைபடம், தோளில் காமிரா. எல்லைக்கல்லைத் தேடிச் சேற்றில் நடக்கின்றனர். பழைய படத்தோடு புதிய காட்சியை ஒப்பிடுகின்றனர். நிலத்துக்காரரோடு திண்ணைப் பேச்சுப் போல நான்கு வார்த்தை பேசுகின்றனர். குறை சிறியதாக இருக்கும்போதே சொல்லித் திருத்துகின்றனர். இவர்கள் ஓராண்டு நடக்கத் தவறினால், அடுத்த ஆண்டு வழக்கறிஞர் நடக்க நேரிடும். அச்செலவு சிறிய அறக்கட்டளையை அடியோடு சாய்த்துவிடும். அந்த அச்சம் காரணமாகவே பல அறக்கட்டளைகள் ஒன்றுகூடி, வழக்குச் செலவை ஈடுகட்டத் தமக்கென ஒரு காப்புறுதி நிறுவனத்தையே நடத்துகின்றன. 2013 முதல் அது பணியாற்றி வருகின்றது.

விருந்தின் கணக்கு

இப்போது நண்பர்களின் கேள்விக்கு வருவோம். நிலத்தை வாங்க அரசாங்க நிதி கிடைக்கலாம்; பெருஞ்செல்வர் ஒருவர் மனமுவந்து தரலாம். வாங்கிய நிலத்தை இருபதாம் ஆண்டிலும் நாற்பதாம் ஆண்டிலும் சுற்றிப் பார்க்க யார் பணம் தருவார்? அதில் திறப்பு விழா இல்லை, கல்வெட்டு இல்லை. வரைபடத்துக்கும் வண்டிச் செலவுக்கும் அலுவலக விளக்குக்கும் ஆகும் பணம் அது. விருந்தில் திரளும் தொகை எந்த ஒரு செலவுக்கும் கட்டுப்படாத தொகையாகையால், இவற்றுக்கு அது உதவுகின்றது.

விருந்துக்கும் சட்டம் உண்டு. சீட்டின் விலை 150 டாலர், உணவின் மதிப்பு 60 டாலர் என்று கொள்வோம். எஞ்சிய 90 டாலர்தான் நன்கொடை, அதற்கே வரிச்சலுகை. 75 டாலருக்கு மேற்பட்ட சீட்டானால், உணவின் மதிப்பு இவ்வளவு என்று அறக்கட்டளை எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். உண்ட சோற்றைத் தானக் கணக்கில் எழுத முடியாது! ஊர் வங்கியோ கடையோ ஒரு மேசை முழுவதற்கும் பணம் கட்டும். உள்ளூர்ப் பண்ணைகளின் விளைபொருளே பல இடங்களில் உணவாகும். அன்பர்கள் அளித்த பொருள்களை ஏலம் விடுவர். முடிவில் எண் எழுதிய அட்டைகளை உயர்த்தி, இன்னார் இவ்வளவு என்று நன்கொடை கூறுவர்.

ஆனால் பணம் ஒரு பாதிதான். மறு பாதி, பாராட்டு. நிலத்தின் உரிமையைத் துறந்த முதியவர் எழுந்து நிற்கும்போது அவருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்த மேசையில் இருக்கின்றனர். 'இது எங்கள் குடும்பம் கொடுத்த வாக்கு' என்பதை ஊரார் முன்னிலையில் அவர்கள் கேட்கின்றனர். பக்கத்து நிலத்துக்காரர் அதைக் கேட்டு, 'நாமும் செய்தால் என்ன?' என்று எண்ணுகின்றார். தொண்டரின் பெயரை அழைக்கும்போது, இவ்வூரில் எல்லையைச் சுற்றிப் பார்க்க ஆள் இருக்கின்றது என்று எல்லாரும் அறிகின்றனர். பத்திரம் பதிவு அலுவலகத்தில் பதிவாகின்றது. வாக்கு ஊரார் நெஞ்சில் பதிவாக வேண்டும். அதற்கு உண்டியல் போதாது, ஊர் கூடவேண்டும்.

நம் நாட்டில்

இம்முறையை அப்படியே இங்குக் கொண்டுவரலாமா? சட்டம் இடம் தரவில்லை. 1882-ஆம் ஆண்டின் இந்திய ஈஸ்மெண்ட் சட்டப்படி, ஒரு நிலத்தை உடையவர் அந்நிலத்தின் நலனுக்காகவே பிறர் நிலத்தின்மீது இவ்வுரிமையைப் பெற முடியும். அருகில் நிலம் இல்லாத அறக்கட்டளை ஒன்று வெறும் காவலனாக நின்று அதை ஏற்க இயலாது. ஆங்கிலேயரின் பழைய பொதுச் சட்டம் அமெரிக்காவிலும் இதே இடையூறாகத்தான் இருந்தது. மாநிலங்கள் தனிச்சட்டம் இயற்றி அதை நீக்கிக்கொண்டன. அதற்கான மாதிரிச் சட்டம் 1981-இல் வகுக்கப்பட்டது.

நம் நாட்டில் வேறொரு வாயில் திறந்திருக்கின்றது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002-இல் செய்த திருத்தத்தின்படி, ஒரு சமுதாயமோ தனி மனிதரோ தாமே முன்வந்தால், தனியார் நிலத்தையும் 'சமுதாயக் காப்பகம்' என்று மாநில அரசு அறிவிக்கலாம். கருநாடகத்தில் மண்டியா மாவட்டத்துக் கொக்கரே பெள்ளூர் 2007-இல் அவ்வாறு அறிவிக்கப்பட்டது. கூழைக்கடாக்களும் நாரைகளும் அவ்வூர் மக்களின் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. தாய்வீட்டுக்கு வரும் பெண்களைப் போல அப்பறவைகளை அவ்வூரார் போற்றுகின்றனர் என்பர். சட்டம் வருவதற்கு நெடுங்காலம் முன்பே அங்குக் காவல் இருந்தது.

தமிழர்க்கு இக்கருத்து புதிதும் அன்று. நம் கோயிற் கல்வெட்டுகளைப் படித்தவர் அறிவர். நிலம் கொடுத்தவன், சந்திரனும் சூரியனும் உள்ளவரை இவ்வறம் நிலைபெறுக என்று எழுதுகின்றான். அடுத்து, இதைக் காப்பவனுடைய திருவடி என் தலைமேல் இருப்பதாக என்றும் பல கல்வெட்டுகளில் எழுதியிருக்கின்றான். கொடுத்தவன் தன்னைப் புகழ்ந்து முடிக்கவில்லை. இன்னும் பிறவாத, பெயர் அறியாத ஒரு காவலனை வணங்கி முடிக்கின்றான். கொடை ஒரு நாளில் முடிந்துவிடும். காவல் முடியாது என்பதை அவன் உணர்ந்திருந்தான்.

நண்பர்களே! நம் சங்கமும் ஆண்டுதோறும் பொங்கல் விருந்து நடத்துகின்றது. சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்துகின்றோம். இப்பல்கலைக்கழக வளாகத்தின் மரங்களுக்குக் கோடையில் நீர் ஊற்றும் தோட்டக்காரர்களை அவ்விருந்துக்கு நாம் இதுவரை அழைத்ததில்லை. வரும் பொங்கலுக்கு அழைப்போம். அவர்களுக்கு முதல் பந்தியில் இலை போடுவோம்.