குத்து அதிகம், வெற்றி யாருக்கு?

1975-இல் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் நடந்த குத்துச்சண்டையில் முகமது அலி ஜோ பக்னரை 15 சுற்றுகளில் புள்ளிக்கணக்கில் வென்றார். நடுவர்களிடம் கருத்து வேறுபாடில்லை. 2012-இல் லாஸ் வேகாஸில் நடந்ததோ வேறு. மேனி பாக்கியோவின் 253 குத்துகள் இலக்கில் விழுந்தன; திமோத்தி பிராட்லிக்கு 159-தான். ஆனாலும் இரு நடுவர்கள் பிராட்லிக்கும், ஒருவர் பாக்கியோவுக்கும் 115–113 கொடுத்தார்கள். பிராட்லி வென்றார்.

அதிகம் குத்தியவர் தோற்கலாமா? தோற்கலாம். நடுவர் மொத்தக் குத்துகளை எண்ணுவதில்லை. சுற்றை வென்றவருக்கு 10, மற்றவருக்குப் பெரும்பாலும் 9. நூலிழையில் வென்ற சுற்றுக்கும் வெளுத்து வாங்கிய சுற்றுக்கும் பெரும்பாலும் ஒரே மதிப்பு. அப்படியானால் தீர்ப்பு சரியா? அதுவும் இல்லை. உலகக் குத்துச்சண்டை அமைப்பு பின்னர் நியமித்த ஐந்து நடுவர்களும் பாக்கியோவே வென்றதாகக் கணித்தார்கள். முடிவு மட்டும் மாறவில்லை. அடுத்த ஆட்டத்தில் சுற்றுக்குச் சுற்று நீங்களே புள்ளி போட்டுப் பாருங்கள். நடுவரைத் திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.