ஒரே கண்ணில் புரையும் நீரழுத்தமும்: எந்த ஆபரேஷன்?



வீட்டில் தாயாருக்கோ மாமனாருக்கோ கண் மங்கினால், "புரைதானே, முத்தட்டும், அப்புறம் எடுத்துக்கலாம்" என்று தள்ளிப் போடுகிறோம். சிலர் கண்ணில் புரையோடு கண் நீரழுத்த நோயும் சேர்ந்தே இருக்கும். தள்ளிப் போட்டால் அவர்களுக்குப் பெருத்த நஷ்டம்.

புரை என்பது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வெளுத்துப் போவது. அதை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைத்தால் பார்வை வரும். நீரழுத்தம் அப்படியல்ல. கண்ணுக்குள் ஊறும் நீர் சரியாக வடியாமல் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பைக் கெடுக்கிறது. கெட்ட நரம்பு திரும்பாது. எந்த ஆபரேஷனும் அதைத் திருப்பித் தராது. மிச்சமிருப்பதைக் காப்பாற்றத்தான் வைத்தியம். "ஆபரேஷன் செய்தும் முழுசாகத் தெரியலையே" என்று பிறகு வருந்துவோர் பலர். நரம்பு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று டாக்டரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

சொட்டு மருந்துக்கு அழுத்தம் அடங்கி, நரம்பும் அதிகம் கெடாதிருந்தால் புரையை மட்டும் எடுத்தால் போதும். அழுத்தமும் கொஞ்சம் குறையும். பருத்த லென்ஸ் நெருக்கி, நீர் வடியும் வழி குறுகிப் போனவர்களுக்கு இன்னும் நன்றாகக் குறையும். அதற்காகச் சொட்டு மருந்தை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது.

மருந்துக்கு அடங்காவிட்டால், அல்லது தினமும் மருந்து விட வீட்டில் ஆளில்லாவிட்டால், ஒரே தடவையில் இரண்டையும் செய்வதுண்டு. வயலில் தண்ணீர் தேங்கினால் வரப்பை வெட்டி வடிய விடுகிறோம் அல்லவா? அதுபோல வெள்ளை விழியில், மேல் இமைக்கு அடியில், சிறு வழி திறப்பார்கள். 1968-ல் இங்கிலாந்து டாக்டர் கெய்ர்ன்ஸ் எழுதி வைத்த முறை இது. டிராபெகுலெக்டமி என்று பெயர். இதில் மெனக்கெடுவது ஒரு தடவைதான். ஆனால் திறந்த வழி தழும்பேறி மூடிக்கொள்ளப் பார்க்கும். முதல் சில மாதம் அடிக்கடி வந்து காட்ட வேண்டும். வர முடியாதென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டாக்டர் அதையும் யோசித்தே முடிவு செய்வார்.

அழுத்தம் மிகவும் ஏறியிருந்தால் முதலில் வடிகால் மட்டும், சில மாதம் கழித்துப் புரை. அழுத்தத்தை இறக்க இது நல்ல வழி. ஆனால் இரண்டு ஆபரேஷன். பின்னால் புரை எடுக்கும்போது பழைய வடிகால் சற்று அடைபடவும் கூடும்.

வடிகால் வைத்த இடத்தில் சிறு கொப்புளம் போல் தெரியும். பயப்பட வேண்டாம், அப்படித்தான் இருக்க வேண்டும். அதைக் கசக்கக் கூடாது. முதல் வாரங்களில் தலைக்குக் குளிப்பதும், நெல் தூற்றுவதும், பாரம் தூக்குவதும் வேண்டாம். கடையில் தானாகக் கேட்டு வாங்கும் சொட்டு மருந்து கூடவே கூடாது. ஸ்டீராய்டு கலந்தது அழுத்தத்தை ஏற்றிவிடும்.

கண் சிவந்தாலோ, வலித்தாலோ, பீளை தள்ளினாலோ, பார்வை திடீரென்று குறைந்தாலோ விடியட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்து வாருங்கள். வருஷங்கள் கழித்து வந்தாலும் இதே அவசரம்தான். இந்த நோய் குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது. ஆகையால் நோயாளியின் உடன்பிறந்தவர்களும், நாற்பது தாண்டிய பிள்ளைகளும் கூடவே வந்து கண் அழுத்தம் பார்த்துக்கொள்ளட்டும்.