ஒத்திகையில்லா அரங்கு

வெவ்வேறு அணிகளின் தலைசிறந்த வீரர்களை ஒருநாள் ஒன்றுசேர்த்துக் களமிறக்கும் வழக்கம் அமெரிக்கப் பேஸ்பாலில் 1933-இல் தொடங்கியது. மதுரை வட்டார நாடகமேடை அதனை முன்பே அறிந்திருந்தது. ‘ஸ்பெஷல் நாடகத்தில்’ நிலையான குழு இல்லை, ஒத்திகையும் இல்லை. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் எனத் தனித்தனியே அழைக்கப்பெற்றோர் அன்றிரவே மேடையில் கூடுவர். சங்கரதாசு சுவாமிகளின் (1867–1922) பாடல்கள் அனைவருக்கும் மனப்பாடமாதலின் இஃது இயன்றது. உரையாடலோ பெரும்பாலும் அப்போதே பிறப்பது. ‘வள்ளி திருமணத்தில்’ நாரதர் தொடுக்கும் தருக்கத்திற்கு வள்ளி உடனே விடையிறுத்தல் வேண்டும்; தடுமாறினால் விடியவிடிய விழித்திருக்கும் ஊரார் பொறுப்பதில்லை, அடுத்த அழைப்பும் ஐயமே. எஸ்.ஜி.கிட்டப்பாவும் கே.பி.சுந்தராம்பாளும் இலங்கையில் இத்தகைய மேடையொன்றில்தான் முதன்முதலாக இணைந்தனர். கிட்டப்பா 27 வயதிலேயே, 1933-இல் மறைந்தார். மதுரையைச் சுற்றிய சிற்றூர்த் திருவிழாக்களில் இந்நாடகம் இன்றும் நடைபெறுகிறது.