வன்னி நாவல்களில் பெண்ணும் நிலமும்



முல்லைக்கு இருத்தலும் நெய்தலுக்கு இரங்கலும் உரிப்பொருள் என்பது தொல்காப்பிய மரபு. காட்டில் காத்திருப்பவளும் கடற்கரையில் கண்ணீர் வடிப்பவளும் பெண்ணே. காடும் கடலும் அடுத்தடுத்துக் கிடக்கும் எங்கள் வன்னியில் எழுந்த இரு நாவல்களைக் கொண்டு, இம்மரபு எவ்வாறு மாறியுள்ளது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

முதலாவது, 1973ஆம் ஆண்டு வெளிவந்த அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி'. முல்லைத்தீவு மாவட்டத்துத் தண்ணிமுறிப்பே அதன் களம். உயரப் பறக்காத நிலக்கிளியே நாயகி பதஞ்சலிக்கு உவமை. காடே அவளுக்கு உலகம். அது போரில்லாத கதை. ஆயினும், 1984ஆம் ஆண்டில் தண்ணிமுறிப்பு மக்கள் தம் ஊரை விட்டு வெளியேற நேர்ந்தது. ஆதலின், இன்று படிப்போர்க்கு அந்நாவல் இழந்த ஊரொன்றின் சான்றாகவும் விளங்குகிறது.

இரண்டாவது, 2013ஆம் ஆண்டு வெளிவந்த தமிழ்க்கவியின் 'ஊழிக்காலம்'. 2009ஆம் ஆண்டில் முடிவுற்ற இறுதிப் போரே அதன் பொருள். முதியவளான பார்வதி பேரப்பிள்ளைகளோடு ஊர் ஊராக இடம்பெயர்ந்து, முள்ளிவாய்க்கால் என்னும் நெய்தல் நிலத்தை அடைகிறாள். மரபின்படி அங்கே அவள் இரங்குதல் வேண்டும். ஆனால் இரங்க நேரமேது? நீர் தேட வேண்டும். உலை வைக்க வேண்டும். பிள்ளைகளைக் காக்க வேண்டும். கடற்கரை மணலில் வெட்டிய பதுங்குகுழி சரிந்து விழுமாதலின், அந்நாளில் பெண்கள் தம் சேலைகளைக் கிழித்துப் பைகளாகத் தைத்து, மணல் நிரப்பி அடுக்கினர். அவர்களுக்கு நிலம் உவமையாக இருக்கவில்லை. உயிர் காக்கும் வேலையாக இருந்தது.

போர் இலக்கியம் பற்றிக் கட்டுரை எழுதும் மாணவர், "பெண் நிலத்தைப் போன்றவள், எதையும் பொறுப்பாள்" என்று முடிப்பதுண்டு. அவ்வரியைத் திருத்துவது ஆசிரியர் கடன் என்பேன். பொறுமையைப் புகழும் அவ்வுவமை, பெண் பட்ட துன்பத்தையும் இயற்கையின் நியதியாக்கி விடுகிறது. மழையும் வறட்சியும் இயற்கை. எறிகணை மனிதர் செயல் அன்றோ?

போர் முடிந்தபின், வன்னி மண்ணில் முழந்தாளிட்டுக் கண்ணிவெடி அகற்றியோருள் பெண்கள் பலர். வீட்டுப் பொறுப்பைத் தனித்துச் சுமந்தவரும் அவருள் உளர். அவர் கதையை எழுதப் போகும் இளைஞர், நிலத்தைப் போன்றவள் என்னாது, நிலத்தை மீட்டவள் என்று எழுதுவாராக.